தம்பி பெட்டிக்குள் தண்ணீர் விடப் போகிறான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, குறை என்று எழுத மனசு வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் சௌக்கியமாக இருந்தால் எனக்குப் பாதி பாரம் குறைந்த மாதிரி. போன் இருக்கும்போது யாராவது உட்கார்ந்து கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய், சிரி. ஆனால் போனில் நாம் பேசிக் கிழித்தது என்ன சொல்லு. நான் ஹலோ என்பேன், நீ என்னம்மா மில்லுக்குள்ள நின்னு பேசுற மாதிரி இருக்கு என்பாய், நான் தொண்டை கிழியக் கத்துவேன், நீ சரிம்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாய். உன்னைக் குறை சொல்லவில்லை. தம்பியின் கம்ப்யூட்டர் போடுகிற கூச்சலில் நான் பேசுவது எனக்கே கேட்பதில்லை, கடல் தாண்டி இருக்கிற உனக்கு எப்படிக் கேட்கும்.

நீ இங்கிருந்து கிளம்பும்போது இந்தச் சத்தம் இவ்வளவு இல்லை. அப்பா பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் விட்டுப்போன வேலையையும் சேர்த்து இப்போது தம்பி இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறான். கட்டாத வீட்டைக் கட்டியது போலப் படம் போட்டுக் காட்டுகிற வேலைதானே அவனுக்கு, அதில் வெயில் விழுகிற விதம், தரையில் மின்னுகிற மினுக்கு எல்லாம் அந்தப் பெட்டி கணக்குப் போட்டு வரைய வேண்டுமாம், ஒரு படத்துக்கு அரைநாள் ஓடுகிறது. ஓட ஓடச் சூடு, சூடு ஏற ஏற உள்ளே இருக்கிற ஃபேன்கள் எல்லாம் பேய் பிடித்தது போலச் சுற்றுகின்றன. ஹாலில் அவன் மேஜை, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது, பால்கனியில் சாரல் அடிக்கிறது, சமையலறையில் நான் நிற்கவே இடமில்லை. அவனையும் சொல்ல முடியாது, வீடு ஓடுவது அந்தப் பெட்டி ஓடுவதால்தான். அவன் பாவம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான், நானும் அப்பாவும்தான் மாட்டிக்கொண்டோம்.

இதில் என்ன கொடுமை என்றால் அப்பாவுக்கு இப்போதுதான் கொஞ்சம் வாய் வருகிறது. நீ இங்கே கூட இருந்தபோது ஒரு சொல் வரவில்லை, கண்ணை மட்டும் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ கிளம்பிப் போன பிறகுதான் ஒரு முனகல், அப்புறம் அரைச் சொல், அப்படி வருகிறது. ஆனால் பூனைக்குட்டி கத்துகிற அளவுக்குத்தான் குரல். ஒரு பஸ் நிறைய ஆள் நின்றாலும் பின்படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே ஏற வைத்த கண்டக்டர் குரலடி அது, இன்று பக்கத்து அறைக்கு எட்டவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் கதவைத் திறந்ததுமே முகத்தைச் சுளிக்கிறாள். இவ்வளவு சத்தத்துல அவர் பேசுறது அவருக்கே கேக்காதும்மா, கேட்டாத்தானே திருத்திக்குவாரு என்கிறாள். நான் என்ன செய்யட்டும், காது செவிடாகிற வீட்டில் பேசக் கற்றுக்கொள்ளச் சொன்னால் மனுஷன் எங்கே போவார்.

ஒரு நாள் நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டிருக்கிறார். எத்தனை தரம் கூப்பிட்டாரோ. நான் உள்ளே வந்து பார்த்தால் கட்டிலுக்குக் கீழே சரிந்து கிடக்கிறார், கன்னம் தரையில் அழுந்தி இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் பெற்ற பிள்ளை எவன் வீட்டுக்கோ வெயில் வரைந்துகொண்டிருக்கிறான். பதறாதே, அடி ஒன்றும் இல்லை, டாக்டரும் பார்த்துவிட்டார். அன்றைக்கு உனக்குச் சொல்லாமல் விட்டது நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்றுதான். அதிலிருந்து நான் அவர் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு ஓடி வந்து பார்ப்பது, திரும்ப ஓடுவது, என் முட்டி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. ஒரே ஒரு ஆசைதான் எனக்கு, சமையலறையில் நின்றாலும் அவர் கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

மணி வைக்கக் கூடாதா என்று நீ கேட்பாய், எதிர்வீட்டு டீச்சரும் அதைத்தான் கேட்டாள், அவளே ஒரு மணியும் கொண்டுவந்து கொடுத்தாள். அசைகிற இடது கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் நழுவ விட்டுவிட்டார். எடுத்துக் கொடுத்தால் திரும்பவும் அதே கதி. ஊரையே ஏற்றி இறக்கிய கண்டக்டர், தனக்காக மணி அடிக்க மாட்டாராம். வீம்புக்கு மட்டும் பக்கவாதம் வரவில்லை பார்.

அவர் கூப்பிடுவதும் ஒரே வார்த்தைதான், தண்ணி. காலையில் தண்ணி, மத்தியானம் தண்ணி, துவட்டிவிட்டு நிமிர்ந்தால் தண்ணி. கேட்டதும் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடுவேன், இரண்டு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கூப்பிடுவார். நோயாளி கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது, கொடுத்தேன், கொடுத்ததெல்லாம் படுக்கை விரிப்பில் வந்து சேர்ந்தது. துவைத்துத் துவைத்து என் கை நகமெல்லாம் வெளுத்துவிட்டது. ஒரு நாள் டம்ளரையே தட்டிவிட்டார், அன்றைக்கு எனக்கும் கோபம் வந்துவிட்டது, வேணும்னு கேட்டுட்டு ஏன் தட்டறீங்க என்று கத்திவிட்டு பாத்ரூமில் போய் நின்று அழுதேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

அவர் விழுந்த அன்றைக்குத் தம்பி சாப்பிடவில்லை. மறுநாள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, அம்மா பெட்டிக்குத் தண்ணி விடப் போறேன் என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரண்டில் ஓடுகிற சாமானுக்குத் தண்ணியா, உனக்கு என்னடா ஆச்சு என்றேன். சிரித்துவிட்டு, எழுந்து அப்பா கட்டிலில் போய் உட்கார்ந்து அவருக்குத்தான் விளக்கினான். அப்பா, பஸ்ஸுக்கு முன்னாடி ரேடியேட்டர் இருக்குல்ல, அதேதான், இஞ்சின் சூட்டைத் தண்ணி வாங்கிட்டுப் போயி ரேடியேட்டர்ல விட்டுடும், காத்து அதை ஊதி வெளியே தள்ளிடும், பம்ப் அந்தத் தண்ணியைத் திருப்பி அனுப்பும், பெரிய ஃபேன் மெதுவாச் சுத்தினாப் போதும், கத்தாது என்றான். அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணி, சிரித்தார். மேடு ஏறினதும் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி மூடியைத் திறந்து வாளித் தண்ணீர் ஊற்றுவது ஞாபகம் வந்திருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதற்காகவே சரி செய்துகொள் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருக்கிறது. மூடி முத்திரை போட்டு ரெடிமேடாக ஒன்று வருமாம், வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அது மூளை மாதிரி இருக்கிற ஒரு சில்லை மட்டும்தான் குளிர வைக்குமாம், இவன் பெட்டியில் கத்துவது படம் போடுகிற கார்டு. இரண்டுக்கும் சேர்த்துக் குழாய் போட வேண்டும் என்றால் தனித்தனியாக வாங்கி நாமே கோக்க வேண்டும், அந்தக் கார்டின் தலையில் உட்காருகிற தகடு அதே மாடலுக்குச் செய்ததாக இருக்க வேண்டும், மயிரிழை மாறினாலும் உட்காராது. முதல் தடவை கை வைப்பவன், தப்பு நடந்தால் அந்தப் பெட்டியோடு அவன் பிழைப்பும் போகும். நான் பயந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். அவனும் பயந்துதான் இருக்கிறான், பயம் வந்தால் உன் தம்பி அட்டைப் பெட்டியை வெட்டுவான், சின்ன வயசிலிருந்து அப்படித்தானே. அப்பாவின் மருந்து வந்த அட்டையை ரேடியேட்டர் அளவுக்கு வெட்டி, பம்ப் அளவுக்கு ஒரு துண்டு, தண்ணீர் நிற்கிற டப்பா அளவுக்கு ஒரு துண்டு என்று வெட்டி, அப்பா தூங்கிய பிறகு பெட்டிக்குள் வைத்து வைத்துப் பார்த்தான். மேலே வைத்தால் மெமரியில் இடிக்கிறது, முன்பக்கம் வைத்தால் பம்புக்கு இடமில்லை. நான் என் தையல் டேப்பைப் பிடித்தேன். சட்டைக்குக் கை வைக்கும்போது முட்டி மடங்க இடம் விடுகிற மாதிரிக் குழாய் வளையவும் இடம் விடுடா, இழுத்துக் கட்டினால் மடிந்துபோய்த் தண்ணீர் நிற்கும் என்றேன். அதுவரைக்கும் என்னைக் கணக்கில் எடுக்காதவன் நிமிர்ந்து பார்த்தான்.

கடைக்காரர் நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னாராம். கண்ணாடி மாதிரி பளபளக்கிற கெட்டிக் குழாய் முதல் தடவைக்கு வேண்டாம், வளைகிற குழாய் போடு, தப்பாக வெட்டினாலும் திரும்ப வெட்டிக்கொள்ளலாம் என்றாராம். செம்புத் தகடு இருக்கிற இடத்தில் அலுமினிய ரேடியேட்டர் கூடாது, ஒரே தண்ணீரில் இரண்டும் இருந்தால் ஒன்றை ஒன்று அரித்துவிடுமாம். மாமியார் மருமகள் போல என்று நான் சொன்னேன், தம்பி சிரிக்கவில்லை, அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தண்ணீரும் குழாய்த் தண்ணீர் ஆகாது, கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே அது மாதிரி உள்ளே படிந்துவிடும், காய்ச்சி வடித்த தண்ணீரில் பாசி பிடிக்காத மருந்து கலந்து ஊற்ற வேண்டும். இவனுக்கு நீலக் கலர் ஊற்றி உள்ளே விளக்குப் போட ஆசை. கலரும் வேண்டாம் சாயமும் வேண்டாம், அது மேஜைக்குக் கீழே கிடக்கப் போகிற பெட்டி, பெண் பார்க்க யாரும் வரப் போவதில்லை என்று சொல்லி அதை நிறுத்தினேன். எதிர்வீட்டு டீச்சர் மீன்தொட்டி பம்ப் ஒன்று சும்மா கிடக்கு, வேணுமா என்று கேட்டாள். அவளுக்கு நல்ல மனசு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உன்னைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம் என்று நான்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ பெரிய பெரிய மெஷின்கள் ஓடுகிற இடத்தில் வேலை பார்க்கிறாய், உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அவனுக்குத் தெம்பு. வேண்டாம் என்று நீ சொன்னால் விட்டுவிடட்டும், தலைவலி போய்த் திருகுவலி வந்துவிடக் கூடாது. அக்கா சொல்லாவிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று அவன் முறுக்கிக்கொள்கிறான், ஆனால் நான் எழுத உட்கார்ந்ததும் அக்காகிட்ட அந்தப் பம்ப் பத்திக் கேட்டீங்களா என்று இங்கேயே சுற்றுகிறான். அதோ அப்பா கூப்பிடுகிறார், தண்ணியாகத்தான் இருக்கும், போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

போனவள் போனவள்தான், விட்ட இடத்தில் உட்கார இன்றைக்குத்தான் கை ஒழிந்தது. இதற்குள் சாமான் எல்லாம் வந்துவிட்டது, உன் பதிலுக்குக் காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. அப்பா தூங்கிய பிறகு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கோத்துவிட்டான். ஆனால் கோத்ததும் ஓட்டக் கூடாதாம். கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பம்புக்கு மட்டும் தனியாகக் கரண்ட் கொடுத்து, பெட்டியில் மற்றதெல்லாம் செத்தது போலக் கிடக்க, ஒரு பகல் ஓட விடவேண்டும். மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்தான், ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பர் காட்டிக்கொடுத்துவிடும். உனக்குத் தெரியுமே, அப்பா வீட்டில் எல்லோருக்கும் ஒரு பஸ் பெயர் வைத்திருந்தார். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பதால் நான் செக்கர், தம்பி சில்லறை. உனக்கும் ஒன்று இருந்தது, உனக்குப் பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டார். செக்கருக்கு ஏற்ற வேலைதான் கிடைத்திருக்கு என்று சொல்லித் தம்பி டார்ச்சை என் கையில் கொடுத்தான். முதலில் பம்ப் குடல் புரட்டுகிற மாதிரி கடமுடா என்றது, காற்றுக் குமிழ்தான் போய்விடும் என்றான், போய்விட்டது. அப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் கண் விழித்திருக்கும் நேரத்தில் அந்தப் பெட்டி நின்றதே இல்லை, அன்றைக்குத்தான் நின்றது. கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. கடிகாரம் கேட்டது. எனக்கு என்னவோ மாதிரி இருந்தது.

தம்பி ஹாலில் குப்புறப் படுத்துப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் சமையலறைக்குப் போனேன். அப்பா கூப்பிட்டார். எனக்குக் கேட்டதடி. அங்கே நின்றுகொண்டே கேட்டது. சந்தோஷத்தில் டம்ளரில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் டம்ளரைப் பார்த்துத் தலையை அசைத்தார், வேண்டாம் என்கிறார். திரும்பவும் அதே வார்த்தையைச் சொன்னார். குனிந்து கேட்டேன். தண்ணி இல்லை. ஜன்னல் என்கிறார். இழுத்து இழுத்து, முதல் எழுத்து காற்றாகப் போனாலும் ஜன்னல்தான். அட பாவமே, காற்று வேண்டும் என்றா கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று ஓடிப்போய் ஜன்னலை முழுக்கத் திறந்தேன். அதற்கும் கண்ணை மூடிக்கொண்டார், இந்த மக்குக்கு எப்படிப் புரிய வைப்பது என்கிற மாதிரி. திரும்பவும் ஜன்னல் என்றார். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் வந்து, என்னடா இவர் திறந்த ஜன்னலைத் திறக்கச் சொல்றாரு என்று தம்பியிடம் கேட்டேன். அவன் தரையில் படுத்தபடியே தலையைத் தூக்கினான். அம்மா, அவர் ஜன்னலைக் கேக்கலம்மா, அக்காவைக் கூப்பிடுறாரு என்றான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா. அப்பா பஸ்ஸில் உனக்கு ஜன்னல் சீட்தான் வேண்டும், வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்கள் எழுந்திருக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்துவாய். அதிலிருந்து உனக்கு அந்தப் பெயர். ஏ ஜன்னலு, இங்க வா என்று கூப்பிட்டால்தான் வருவாய். காலேஜில் படிக்கும்போது உன் சிநேகிதிகள் வந்திருந்த அன்றைக்கு அவர்கள் சிரித்துவிட்டார்கள் என்று, இனிமே அப்படிக் கூப்பிடாதீங்கப்பா என்று சொன்னாய். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை, எந்தப் பெண்ணும் சொல்வாள். அன்றோடு அவரும் நிறுத்திவிட்டார், ஏம்மா என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார். நானே மறந்துபோன பெயர் அது, இந்தச் சில்லறைக்கு எப்படித்தான் ஞாபகம் இருந்ததோ. நீ கிளம்பிப் போன நாளிலிருந்து அவர் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், நான் டம்ளரை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். என் மனசு நோகக் கூடாது என்று இரண்டு மடக்குக் குடித்தார் போலிருக்கிறது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன், டம்ளர் சாய்ந்து தம்பியின் டிஷ்யூ பேப்பரில் தண்ணீர் கொட்டியதுகூடத் தெரியவில்லை. அவன் கோபப்படவில்லை. நனைந்ததை எடுத்துவிட்டு வேறு பேப்பர் மடித்து வைத்தான், அவன் மூக்கையும் அதே பேப்பரில் துடைத்துக்கொண்டான்.

பெட்டி கசியவில்லை, பயப்படாதே. சாயங்காலம் வரைக்கும் பார்த்துவிட்டு முழுக் கரண்டும் கொடுத்தான், ஓடுகிறது, பக்கத்தில் போய்க் காதை வைத்தால்தான் ஓடுவது தெரிகிறது. அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் வந்து, வீடு மாறிட்டீங்களாம்மா என்று கேட்டாள். நான் இப்போது சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அவர் இருமினால் கூடக் கேட்கிறது. விரிப்பும் அவ்வளவு நனைவதில்லை. ஆனால் களைப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது, ஓட வேண்டிய அவசியம் நின்ற பிறகுதான் எவ்வளவு ஓடியிருக்கிறேன் என்று உடம்புக்கே தெரிகிறது. ஜன்னலை நாங்கள் இப்போது சாத்துவதில்லை, சாத்தப் போனால் அவர் முறைக்கிறார், எதற்கு என்று நான் கேட்பதும் இல்லை.

உன்னை வா என்று கூப்பிட நான் இதை எழுதவில்லை. லீவு உன் கையில் இல்லை, இப்போதுதான் வந்துவிட்டுப் போனாய், எனக்குத் தெரியாதா. நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல்லு, இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் உண்டு. ஒரே ஒரு விஷயம் மறந்துவிடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய். ஸ்பீக்கரில் போட்டு அவர் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். எடுத்ததும் எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா என்று நீ ஆரம்பிக்காதே. சும்மா இரு. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்து வைத்துவிடாதே, அவருக்கு நேரமாகும். அவர் கூப்பிட்டதும், என்னப்பா என்று கேள்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
செக்கர் அம்மா